கல்வித் தலைமை முனைவர் படிப்பில் போர்ட்ஃபோலியோ: எங்கே தவறுகிறோம்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கல்வித் தலைமைப் பிரிவில் எட்.டி. (Ed.D.) எனப்படும் கல்வி முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்களில் பெரும்பாலானோர் முழுநேர வேலையில் இருப்பவர்கள். பகலில் பள்ளி முதல்வராகவோ பள்ளி மாவட்ட அலுவலகத்தில் அதிகாரியாகவோ இருப்பார்கள். மாலையிலும் வார இறுதியிலும் மாணவர்கள். இவர்களை ஓர் அறையில் உட்கார வைத்து நான்கு மணி நேரம் விரிவுத் தேர்வு எழுதச் சொன்னால், கோட்பாடுகள் நினைவில் இருக்கின்றனவா என்று தெரியும். பள்ளியை நடத்தத் தெரியுமா என்று தெரியாது. 2005இல் கல்வியாளர் ஆர்தர் லெவின் வெளியிட்ட அறிக்கை கல்வித் தலைவர்களை உருவாக்கும் படிப்புகளைக் கடுமையாக விமர்சித்தது. 2007இல் கார்னகி முனைவர் பட்டத் திட்டம் தொடங்கி, எட்.டி.யைத் தொழில் சார்ந்த பட்டமாக மறுபடி வடிவமைக்கும் வேலையில் பல பல்கலைக்கழகங்கள் இறங்கின. தேர்வுக்குப் பதிலாகப் போர்ட்ஃபோலியோ, அதாவது மாணவர் தான் செய்த வேலைகளையும் அவற்றைப் பற்றிய குறிப்புகளையும் திரட்டித் தரும் தொகுப்பு, என்ற யோசனைக்கு இந்தச் சூழலில் வலு கூடியது.

இந்தத் தொகுப்புகளை மதிப்பிடும் குழுக்களில் சில வருடங்களாக நானும் உட்கார்ந்திருக்கிறேன். நல்ல முறை இது என்று முழுமனதாக நம்புகிறேன். அதனாலேயே, திரும்பத் திரும்ப ஒரே மாதிரித் தவறுகளில் இது வீணாவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

முதல் தவறு துறையினுடையது. மாணவர் வளர்வதற்கு உதவும் தொகுப்பா, தேர்ச்சியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் தொகுப்பா என்பதை முடிவு செய்யாமலே தொடங்கிவிடுகிறோம். “உங்கள் தடுமாற்றங்களை மனம் திறந்து எழுதுங்கள்” என்கிறோம். அப்புறம் அதே பக்கங்களுக்கு மதிப்பெண் போடுகிறோம். எந்த மாணவர் மனம் திறப்பார்? இரண்டையும் பிரித்துவிட வேண்டும். வழிகாட்டியும் மாணவரும் மட்டும் பார்க்கிற, மதிப்பெண் இல்லாத வேலைத் தொகுப்பு ஒன்று. அதிலிருந்து மாணவரே தேர்ந்தெடுத்துக் குழுவின் முன் வைக்கும் தொகுப்பு இன்னொன்று. எதை எடுத்தார், எதை விட்டார், ஏன் என்பதே பாதி மதிப்பீடு.

அப்படித் தேர்ந்தெடுக்காதபோது தொகுப்பு மூட்டையாகிவிடுகிறது. மூன்று வருடத்துக் கட்டுரைகள், ஸ்லைடுகள், சான்றிதழ்கள் எல்லாம் உள்ளே. கனமாக இருந்தால் உழைப்பு தெரியும் என்று மாணவர் நினைக்கிறார். வாசிப்பவருக்கு எதுவும் தெரிவதில்லை.

தரங்களைப் பெட்டி பெட்டியாக நிரப்புவதும் இப்படித்தான். 2015இல் வந்த கல்வித் தலைவர்களுக்கான தொழில்முறைத் தரங்கள் மொத்தம் பத்து. பத்துக்கும் பத்து ஆவணம் என்று வைத்துவிட்டால் கணக்கு முடிந்தது, அவ்வளவுதான். ஆனால் பள்ளி வேலை அப்படிப் பிரிந்து வருவதில்லை. கால அட்டவணையை மாற்றுகிற ஒரு முதல்வரை எடுத்துக்கொள்ளுங்கள். சமத்துவம், பாடத்திட்டம், ஆசிரியர் பணிச்சூழல், பெற்றோர் தொடர்பு எல்லாமே அந்த ஒரு வேலைக்குள் வந்துவிடும். ஆழமான நான்கைந்து வேலைகளைக் கேளுங்கள். தரங்கள் தாமாக வந்து சேரும்.

மிகப் பெரிய தவறு, செய்த வேலையைத் திரும்பிப் பார்த்து எழுதும் மீள்நோக்குக் குறிப்பில் நடக்கிறது. நான் வாசித்த ஒரு குறிப்பு ஏறக்குறைய இப்படி இருந்தது: “ஆறாம் வகுப்பில் கணிதத்தில் பின்தங்கியவர்களுக்குப் பள்ளி முடிந்தபின் கூடுதல் வகுப்பு ஏற்பாடு செய்தேன். ஆசிரியர்களுடன் இணைந்து செயல்பட்டேன். கூட்டுச் செயல்பாட்டின் முக்கியத்துவத்தை உணர்ந்தேன்.” இதில் பொய் எதுவும் இல்லை. யோசனையும் இல்லை. வகுப்புக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று மட்டும் கேட்டோம். அவர் வருகைப் பதிவேட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார். மூன்று மணிக்குக் கிளம்பும் பள்ளிப் பேருந்தில் வீட்டுக்குப் போகும் பிள்ளைகளில் ஒருவர்கூட வந்திருக்கவில்லை. உதவி அதிகம் தேவைப்பட்டவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். “அந்த நேரத்தை முடிவு செய்தது நான். யாரையும் கேட்கவில்லை” என்று இரண்டாவது குறிப்பில் எழுதினார். வகுப்பைப் பகல் நேரத்துக்கு மாற்ற என்னென்ன விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது, எந்த ஆசிரியர் மறுத்தார், ஏன் என்றெல்லாம் அடுத்த இரண்டு பக்கங்களில் வந்தது. அந்த இரண்டு பக்கங்களுக்காகத்தான் போர்ட்ஃபோலியோவே.

ஆகவே “இந்த அனுபவத்தைப் பற்றி எழுதுக” என்று கேட்காதீர்கள். நீங்கள் எடுத்த முடிவு என்ன, வேறு என்ன வழி இருந்தது, யாருக்குப் பலன் போய்ச் சேரவில்லை, எந்தத் தரவைப் பார்த்து மனம் மாறினீர்கள் என்று கேளுங்கள்.

சரி, மதிப்பிடுகிறவர்கள் பக்கம் வருவோம். ஒரே தொகுப்புக்கு ஒருவர் உயர்ந்த மதிப்பெண் போட, இன்னொருவர் தேர்ச்சியே இல்லை என்று சொன்னதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளராக இருந்து வந்தவர்; அவர் நடைமுறையைப் பார்த்தார். மற்றவர் ஆய்வு முறையியல் கற்பிப்பவர். அவர் மேற்கோள்களைப் பார்த்தார். இருவரும் நேர்மையானவர்கள்தான். அளவுகோல் தாளில் “சிறப்பு”, “திருப்தி” என்ற சொற்கள் மட்டும் இருந்ததுதான் பிரச்சினை. ஒவ்வொரு நிலையிலும் தொகுப்பில் எது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும். மதிப்பிடத் தொடங்கும் முன், பழைய மாணவர்களின் அனுமதியோடு இரண்டு தொகுப்புகளை எல்லோரும் தனித்தனியே மதிப்பிட்டு, எங்கே பிரிகிறோம் என்று உட்கார்ந்து பேச வேண்டும். ஒரு பிற்பகல் போதும். அந்த அளவுகோலை மாணவர் கையில் முதல் பருவத்திலேயே கொடுத்துவிடவும் வேண்டும். இன்னொன்று: அழகான இணையப் பக்கமும் காணொளியும் நம்மை அறியாமல் மதிப்பெண்ணை உயர்த்திவிடும். வடிவமைப்புக்குத் தனியாக, சிறியதாக ஓர் இடம் ஒதுக்கிவிடுங்கள்.

நேர்முக உரையாடலை நேரமில்லை என்று விட்டுவிடுவதும் தவறு. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பளபளப்பான மீள்நோக்குக் குறிப்பை நொடியில் எழுதித் தரும் காலம் இது. நாற்பது நிமிடம் எதிரே உட்கார்ந்து பேசினால் வேலை யாருடையது என்பது புரிந்துவிடும். குழுவாகச் செய்த பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கும் இது பொருந்தும். ஏழு பேர் பெயர் இருக்கும் ஆவணத்தில் தன் பங்கு எது என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள், பேச்சிலும் கேளுங்கள்.

மாணவர் தனியுரிமையைப் பலர் பெயரை அழிப்பதோடு முடித்துவிடுகிறார்கள். மாணவர் பதிவுகளுக்கான 1974இன் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் (FERPA) பாதுகாப்பது பெயரை மட்டுமல்ல. அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தகவலையும்தான். சிறிய பள்ளியில் “நான்காம் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் மாணவி” என்று எழுதினால் ஊருக்கே தெரியும். ஆசிரியர்களின் வகுப்பறை மதிப்பீட்டுக் குறிப்புகளை அப்படியே இணைப்பதும் அவர்களுக்குச் செய்யும் அநீதி.

விரிவுத் தேர்வையும் வைத்துக்கொண்டு, ஆய்வேட்டையும் வைத்துக்கொண்டு, மேலே போர்ட்ஃபோலியோவையும் ஏற்றுகிற துறைகளும் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர் மேல் வைக்கிற தேவையற்ற பாரம் அது. ஒன்றை எடுத்தால்தான் இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். ஆய்வேட்டுக்காக மாணவர் எடுத்துக்கொள்ளும் பள்ளிப் பிரச்சினையோடு தொகுப்பையும் இணைத்துவிட்டால், ஒரே உழைப்பு இரண்டுக்கும் பயன்படும்.

கடைசியாக, மூன்றாம் வருட வசந்தப் பருவத்தில் “போர்ட்ஃபோலியோ தயாரியுங்கள்” என்று சொல்வது. அந்த நேரத்தில் முதல் வருடத்து அக்டோபரின் வருகைப் பதிவேட்டை எங்கே போய்த் தேடுவது? கணிதக் கூடுதல் வகுப்பு நடத்தியவர் அதை அன்றே, தேதி போட்டு, ஒரு வரிக் குறிப்போடு வேலைத் தொகுப்பில் போட்டு வைத்திருந்தார். நாங்கள் கேட்டபோது திறந்து பார்க்க அவரிடம் ஏதோ இருந்தது.