மூன்று நாள் காற்றைப் பார்த்துவிட்டுத் தூண்டிலை எடுங்கள்

ஒருமுறை நல்ல வெயில், காற்றே இல்லை என்று நம்பிக் கடற்கரைக்கு மீன் பிடிக்கப் போய், காலை முழுக்கத் தங்கூஸில், அதாவது தூண்டில் நூலில், தொங்கிய கடற்பாசியைத்தான் உருவிக்கொண்டிருந்தேன். காற்று முந்தின நாளே நின்றுவிட்டது, பாசி நிற்கவில்லை. அதிலிருந்து போகிற நாளின் காற்றோடு, முந்தைய மூன்று நாள் காற்றையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

பாறையிலிருந்து பாசியைப் பிய்ப்பது பெரிய அலை. அதைக் கரைக்கு ஒதுக்குவது கடலிலிருந்து வீசும் காற்று. கரையில் கிடப்பதில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஈரமாக, வழுவழுப்பாக, பாறையைப் பற்றியிருந்த அடிப்பிடியோடு இருந்தால் இப்போதுதான் பிய்ந்தது, இன்னும் வரும். காய்ந்து நொறுங்கினால் பழசு. ஆனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகம் ஏறும்போது அந்தப் பழசும் மறுபடி மிதக்கும். காற்றே இல்லாத நாளில் பாசி வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நிலத்திலிருந்து வீசும் காற்று நல்லதுதான், மிதக்கும் பாசியை வெளியே தள்ளிவிடும். ஆனால் மேல்நீர் வெளியே போகப் போக அடிநீர் கரைக்கு வரும், மூழ்கிக் கிடப்பதும் அதோடு உருண்டு வரும். நீர் பளிச்சென்று இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். இரையில்லாமல், நூலில் எடைக்குக் கட்டும் ஈயத்தை மட்டும் முதலில் வீசி, மெதுவாக இழுத்துப் பாருங்கள்.

காற்று கரையோடு சாய்ந்து வீசினால் பாசி ஒரு மூலையில் போய்க் குவியும். எதிர் முனைக்கு நடங்கள். அதே கரையில் ஒரு கிலோமீட்டர் தள்ளிச் சுத்தமான நீர் கிடைத்திருக்கிறது எனக்கு. பகலில் கடல்காற்று எழும் பருவமென்றால் விடியற்காலைதான் நேரம்.

பாசி குறைவாக இருந்தால் சமாளிக்கலாம். தூண்டில் கழியை உயர்த்திப் பிடித்தால் உடையும் அலைக்குள் தங்கூஸ் அதிகம் படாது. முடிச்சைச் சின்னதாகப் போடுங்கள், வழுக்கி வரும் பாசி அங்கேதான் சிக்கும். இழுக்கும் பாசியைத் தாங்க ஈயத்தைக் கனமாக்குவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, பாசி சேரச் சேர எந்த ஈயமும் நகர்ந்துவிடும். மூன்று வீச்சிலும் கைப்பிடி அளவு வந்தால் நான் இடம் மாறிவிடுவேன்.