பழைய கர்நாடக இசைத்தட்டுகளைச் சுருதி பிசகாமல் கணினிக்கு மாற்றும் முறை

பரணிலிருந்து இறக்கிய கனத்த கறுப்புத் தட்டு எல்பி எனப்படும் நீண்டநேர வினைல் தட்டா, அதற்கு முந்தைய அரக்குத் தட்டா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டு வளையாது. கை தவறினால் அப்பளம்போல் நொறுங்கும். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 3 நிமிடமே அடங்கும் என்பதால், பல்லவியும் அனுபல்லவியும் ஒரு பக்கத்திலும் சரணம் மறுபக்கத்திலுமாகப் பிரிந்த கீர்த்தனைகள் இவற்றில் உண்டு.

அழகுக்காக வைத்திருக்கும் சாவி முறுக்கும் கிராமபோனில் இவற்றைப் போட்டுக் கேட்க வேண்டாம். அதன் ஒலிப்பெட்டி 100 கிராமுக்கும் மேற்பட்ட எடையைத் தடத்தின் மீது அழுத்துகிறது. ஒவ்வொரு முறை கேட்பதும் ஒலியில் ஒரு பங்கைச் சுரண்டி எடுப்பதுதான். மின்சார டர்ன்டேபிளில், 78 தட்டுக்கு உரிய முள்ளை 3 முதல் 5 கிராம் வரையான அழுத்தத்தில் இறக்க வேண்டும். எல்பி முள்ளின் நுனி ஆரம் 1 மில், அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. அரக்குத் தட்டின் அகன்ற தடத்துக்கு ஏறக்குறைய 3 மில் ஆரமுள்ள நுனி தேவை. எல்பி முள் தடத்தின் சுவர்களைத் தொடாமல் அடியில் தேங்கிய தூசியில் உழன்று, இரைச்சலையே அதிகம் எடுத்துத் தரும்.

தட்டைத் துடைக்க ஸ்பிரிட்டோ சானிடைசரோ கூடவே கூடாது. தச்சர்கள் பாலிஷுக்காக அரக்கை ஸ்பிரிட்டில்தான் கரைக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்தால் போதும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்புக் கரைசலைக் கலந்து, மெல்லிய பிரஷ்ஷால் தடத்தின் போக்கிலேயே துடைத்து, நடுவிலுள்ள காகித லேபிள் நனையாமல் உடனே உலர்த்த வேண்டும்.

இனி வேகம். பலர் சறுக்குவது இங்கேதான். 78 என்பது பெயரளவிலான எண். 1925இல் மைக் வழியே பதியும் மின்பதிவு வருவதற்கு முந்தைய தட்டுகளில் உண்மையான வேகம் 70களின் தொடக்கத்திலும் இருக்கலாம், 80ஐத் தாண்டியும் இருக்கலாம். தவறான வேகத்தில் ஓட்டினால் காலப்பிரமாணமும் சுருதியும் குரலின் வயதும் ஒருசேர மாறிவிடும். கட்டை என்பது பாடுபவரின் ஆதார சுருதியைச் சொல்லும் அளவு. அரைக் கட்டை வேறுபாடு ஏறக்குறைய 6 விழுக்காட்டு வேக வேறுபாட்டுக்குச் சமம். ஐந்தரைக் கட்டையில் பாடுபவர் என்று பிற பதிவுகளிலிருந்து உறுதியாகத் தெரிந்த ஒருவர், 78இல் ஓட்டும்போது ஆறு கட்டையில் ஒலித்தால், 78ஐ 1.0595ஆல் வகுக்கக் கிடைக்கும் 73.6தான் அத்தட்டின் வேகம். ஆனால் ஆதார ஸ்வரமான ஸட்ஜம் எப்போதும் ஒரு கட்டையின் மீது துல்லியமாக உட்கார வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அக்காலத்துச் சுருதிப்பெட்டியும் ஆர்மோனியமும் சுருதி காட்டும் இன்றைய கைப்பேசிச் செயலியின் அளவுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. நாதஸ்வரத் தட்டானால், வாசித்தது உயர்ந்த சுருதியுடைய திமிரியா, தாழ்ந்த சுருதியுடைய பாரியா என்பதைத் தீர்மானிக்காமல் கணக்குப் போடுவதே வீண். கணக்கு எதைச் சொன்னாலும், ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் விரைந்து உதறுவதுபோலவோ இழுபடுவதுபோலவோ பட்டால் காதை நம்புவதுதான் என் வழக்கம்.

டர்ன்டேபிளில் 78 வேகமே இல்லாவிட்டால், 45இல் ஓட்டிப் பதிந்து, ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் வேகத்தை 1.733 மடங்காக்கலாம். சுருதியும் காலமும் சேர்ந்தே மாறும் வசதியைத்தான் இதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். காலத்தை மட்டும் குறுக்கும் வசதி பாட்டைக் கெடுத்துவிடும்.

96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில், உச்ச ஒலி -6 டெசிபெல்லைத் தாண்டாதபடி, ஸ்டீரியோவாகவே பதிவது நல்லது. தட்டு மோனோதான், எனினும் தடத்தின் ஒரு சுவர் மற்றதைவிடக் குறைவாகத் தேய்ந்திருந்தால், அந்தப் பக்கத்தை மட்டும் பிறகு எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒத்திருந்தால் சேர்த்துவிட வேண்டும். முள்ளின் மேல்கீழ் அசைவால் வரும் இரைச்சல் அதில் பெருமளவு அடங்கும். 1950களில் வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. என்னும் ஒலிச் சமன் அளவுப்படி இயங்கும் போனோ பெருக்கி, பழைய தட்டின் உயர் அதிர்வெண் ஒலியைத் தணித்து வயலினுக்கு மூக்கடைப்பை உண்டாக்கும். வேகத்தை மாற்றுவதற்கு முன்பே அந்த ஆர்.ஐ.ஏ.ஏ. மாற்றத்தை மென்பொருளில் விலக்கிவிட்டு, 250 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை மட்டும் உயர்த்திப் பார்ப்பது மின்பதிவுத் தட்டுகள் பலவற்றுக்கு நல்ல தொடக்கமாக அமையும்.

இரைச்சல் நீக்கத்தில் பேராசை ஆகாது. சொடுக்கொலியைத் தேடி அழிக்கும் கருவி, மிருதங்கத்தின் சாப்பு என்ற அடியையும் கடத்தின் கூர்மையான தட்டொலியையும் கீறல் என்று எண்ணி மழுக்கிவிடக்கூடும். நீக்கப்பட்ட ஒலியை மட்டும் தனியே கேட்டுப் பார்த்து, அதில் தாளம் கேட்டால் அளவைக் குறைக்க வேண்டும். தம்பூராவின் மெல்லிய ரீங்காரம் அரக்கின் இரைச்சலோடு கலந்தே இருக்கிறது. ஒன்றைத் துடைத்தால் மற்றதும் போகும்.

கைபடாத மூலப்பதிவை, ஒலித்தரம் குறையாத எஃப்.எல்.ஏ.சி. அல்லது வேவ் கோப்பாகத் தனியே வைத்து, லேபிளின் படத்தையும், லேபிள் எண்ணையும், லேபிளை ஒட்டிய வெற்றிடத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் அதனுடன் சேர்க்க வேண்டும். பாட்டு முடிந்ததும் பதிவை வெட்டிவிடக் கூடாது. 1902இல் கல்கத்தாவில் பாடிப் பதிந்த கௌஹர் ஜானைப் போல, தொடக்ககாலக் கலைஞர்கள் சிலர் தம் பெயரை இறுதியில்தான் சொல்கிறார்கள். இரண்டு பக்கங்களையும் ஒரே கீர்த்தனையாக இணைப்பது கேட்பதற்கான நகலில் மட்டுமே. அப்போதும் சரணப் பக்கத்தின் ஸட்ஜத்தைத் தனியே சோதித்த பிறகே ஒட்ட வேண்டும், ஏனெனில் ஒரே தட்டின் இரு பக்கங்களும் ஒரே வேகத்தில் பதிவானவை என்று சொல்வதற்கில்லை.