கேபிள் முனையில் பழுதா? கேட்டுக் கண்டுபிடிக்கும் முறை

கேபிளின் இன்சுலேஷனில் (மின்சாரம் வெளியே கசியாமல் தடுக்கும் மின்காப்பில்) சிறு காற்றிடைவெளியோ, மேற்பரப்பில் ஈரம் கலந்த அழுக்கோ இருந்தால், அந்த இடத்தில் மட்டும் நுண்ணிய மின்பொறிகள் வெடித்துக்கொண்டே இருக்கும். இதற்கு பார்ஷியல் டிஸ்சார்ஜ் என்று பெயர். கேபிள் உடனே செத்துவிடாது. பொறிகள் இன்சுலேஷனை அரித்து அரித்து ஒருநாள் முழுதாக உடைத்துவிடும். வெடிப்புச் சத்தத்தில் பெரும்பங்கு 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதால் வெறுங்காதுக்குக் கேட்காது. அல்ட்ராசோனிக் டிடெக்டர் அதைக் கேட்கும் ஒலியாக மாற்றி ஹெட்போனுக்கு அனுப்பும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மண்ணுக்குள் ஓடும் கேபிளின் நடுப்பகுதிக்கு இந்த முறை உதவாது. பிளாஸ்டிக்கும் மண்ணும் சத்தத்தை விழுங்கிவிடும். டெர்மினேஷன்களில், அதாவது கேபிள் முனையை இணைக்கும் இடங்களில்தான் இதன் பலன். அவை ஆள் கையால் வெட்டிப் பொருத்துபவை, பழுதுக்கும் அங்கேதான் வாய்ப்பு அதிகம்.

படி 1: அனுமதி பெற்று, அந்த மின்னழுத்தத்துக்கு உரிய பாதுகாப்பு இடைவெளிக்கு வெளியே நில்லுங்கள். சோதனை நடக்கும்போது கேபிளில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். கேபிள் முனை இருக்கும் மின்பெட்டியின் (பேனல்) கதவைத் திறக்காதீர்கள்.

படி 2: கருவியை 40 கிலோஹெர்ட்ஸ் அளவில் வைத்து, சற்றுத் தள்ளி நின்று சுற்றுப்புறச் சத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: பேனலின் காற்றுத்துளைகள், கதவிடுக்குகள் வழியாக மெதுவாக வருடிப் பாருங்கள். இடுக்கே இல்லாத பெட்டி என்றால் காற்றுவழிச் சென்சாருக்கு எதுவும் எட்டாது. உறையில் ஒட்டவைக்கும் தொடுசென்சார் வேண்டும்.

படி 4: இதுதான் உண்மையான வேலை. கருவி காட்டும் எண்ணை நம்பாமல் காதை நம்புங்கள். டிஸ்சார்ஜ் என்றால் எண்ணெயில் பொரிவது போன்ற சடசடப்பு வரும். மின்னலையின் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் பொறி எழலாம் என்பதால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் அதில் கலந்திருக்கும். ரீங்காரமே இல்லாத சீரான 'ஸ்ஸ்ஸ்' வந்தால் பக்கத்தில் எங்கோ காற்றுக்குழாய் கசிகிறதா என்று பாருங்கள். புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது.

படி 5: கருவி காட்டிய அளவு, நின்ற தூரம், காற்றின் ஈரப்பதம் மூன்றையும் எழுதுங்கள். மேற்பரப்பு டிஸ்சார்ஜ் ஈரமான நாளில் கூடும், வறண்ட நாளில் அடங்கிவிடும்.

சந்தேகம் இருந்தால் கேபிளின் எர்த் கம்பியில் எச்எஃப்சிடி சென்சார் (டிஸ்சார்ஜின் உயர் அதிர்வெண் மின்துடிப்புகளைப் பிடிக்கும் கருவி) மாட்டி உறுதிசெய்யச் சொல்லுங்கள். சத்தமே வராவிட்டாலும், வேறு அறிகுறி இருந்தால் இதையே செய்யுங்கள். இன்சுலேஷனுக்குள் புதைந்த குமிழியின் சத்தம் பல நேரம் வெளியே வராது.