ஆசிரியர்களுக்கு வாசிப்புப் பயிற்சி நடத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த மாதம் எங்கள் வட்டார வளமையத்தில், புதிதாகக் கருத்தாளர் (மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருபவர்) ஆன நான்கு பேர் பயிற்சி நடத்தியதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். எண்ணும் எழுத்தும் என்ற, குழந்தைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் தமிழ்நாடு அரசுத் திட்டத்தின் தமிழ்ப் பாடம், ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை. நால்வரும் நல்ல ஆசிரியர்கள். ராத்திரி கண் விழித்துத் தயாரித்து வந்திருந்தார்கள். ஆனாலும் 2022 ஜூனில் இதே கூடத்தில் நான் செய்த தவறுகள் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தன. அவர்களிடம் அன்று மாலை பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நேரத்துக்குத் தொடங்காதது, புரொஜெக்டரைச் சோதித்துப் பார்க்காதது, சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் ஒரேயடியாகப் பேசுவது, இதெல்லாம் சொல்லாமலே தெரியும். அதை விட்டுவிடுவோம்.

பழைய முறையைக் குறை சொல்லித் தொடங்குவது

கூடத்தில் இருக்கும் ஆசிரியர்களில் பாதிப் பேர் செயல்வழிக் கற்றலை, அதாவது ஒவ்வொரு குழந்தையும் அட்டைகளை வைத்துத் தன் வேகத்தில் படிப்படியாகக் கற்கும் முறையை, கைப்பட நடத்தியவர்கள். 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007ல் மாநிலம் முழுக்க வந்த முறை அது. அட்டைகள், ஏணிப்படி, குழந்தைகளின் படங்களைத் தொங்கவிட்ட கம்பிப் பந்தல் எல்லாவற்றையும் சொந்தக் கையால் செய்தவர்கள். அவர்களிடம் போய் "இதுவரை நடந்ததெல்லாம் சரியில்லை, இனிமேல்தான் சரியாகப் போகிறது" என்று தொடங்கினால், முகம் அப்போதே மூடிக்கொள்ளும்.

அந்தப் பழைய முறைக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்துக்கும் உள்ள உறவைச் சொல்லுங்கள். குழந்தை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்க்காமல், எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக் கற்பிப்பது அப்போதே இருந்ததுதான். கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. பள்ளிக்கூடத்தையே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் இருந்தார்கள். அந்த இடைவெளியை அடைக்கத்தான் எண்ணும் எழுத்தும் வந்தது. 2025க்குள் எட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளும் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்பது அதன் இலக்காக இருந்தது. இதைச் சொன்னால் எந்த ஆசிரியரும் மறுத்துப் பேச மாட்டார்.

கையேட்டை வரிக்கு வரி வாசிப்பது

அவர்களுக்கும் வாசிக்கத் தெரியும்.

ஆசிரியர்களைக் குழந்தைகளாக உட்கார வைத்து மாதிரி வகுப்பு எடுப்பது

இதைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும். இன்றும் யாராவது இதைச் செய்வதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. முதலில் செய்தவன் நான் என்பதால் அந்தக் கோபம் இன்னும் கூடுதல்.

எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கருத்தாளர் முன்னால் நிற்பார். எதிரே நாற்பது ஆசிரியர்கள். "இப்போ நீங்கள் எல்லாரும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள்" என்பார். பாடல் பாடுவார், எல்லாரும் திருப்பிப் பாடுவார்கள். அட்டையைக் காட்டுவார், எல்லாரும் ஒரே குரலில் வாசிப்பார்கள். யாராவது ஒருவர் எழுந்து "டீச்சர், இவன் என் பென்சிலை எடுத்துட்டான்" என்பார், கூடமே சிரிக்கும். நாற்பது நிமிடத்தில் பாடம் கச்சிதமாக முடியும். கைதட்டல் கிடைக்கும்.

அந்தப் பாடம் முடியாமல் போக வழியே இல்லை. எதிரே இருப்பவர்களுக்கு 247 எழுத்தும் தெரியும். கல், பகல், தங்கம் என்று மூன்று சொல்லிலும் ககரம் வெவ்வேறாக ஒலிப்பதைக்கூட அவர்கள் கவனிப்பதில்லை, அவ்வளவு பழகிவிட்டது. ஆகாரத்துக்கு ஒரே துணைக்கால் போதும் என்று கற்ற குழந்தை கு, சு, து என்று வரும்போது ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வடிவம் இருப்பதைப் பார்த்துத் திகைத்து நிற்கும். 'கெ' என்பதில் கொம்பு முதலில் வருகிறது, ஒலி பின்னால் வருகிறது. கண் இடமிருந்து வலமாகப் போகும்போது அங்கே தடுக்கும். குழந்தையாக நடிக்கும் ஆசிரியர் இந்த இடம் எதிலும் தடுக்கி விழ மாட்டார். அவர் நடிப்பது குழந்தையின் குறும்பைத்தான், குழந்தையின் திணறலை அல்ல. விழும் பிள்ளையைத் தூக்கிவிடுவதுதான் இந்தப் பாடத்திட்டத்தின் உயிர். அதை நான் காட்டவே இல்லை.

அந்த ஆண்டு செப்டம்பரில் என்னிடம் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியையின் பள்ளிக்குப் போனேன். இரண்டாம் வகுப்பு. ஒரு பெண் குழந்தை எழுந்து எட்டு வரிப் பாடலைக் கணீரென்று வாசித்தது. விரல் ஒவ்வொரு சொல்லின் கீழும் நகர்ந்தது, ஒரு பிழை இல்லை. நான் ஐந்தாவது வரியில் 'முயல்' என்ற சொல்லின் மேல் விரல் வைத்து, "இது என்ன கண்ணு?" என்று கேட்டேன். குழந்தை என் விரலைப் பார்த்தது. பிறகு தன் விரலை எடுத்து முதல் வரிக்குக் கொண்டுபோனது. உதடு மட்டும் அசைய முதலிலிருந்து பாடிக்கொண்டே வந்தது. வரி வரியாக இறங்கி, என் விரலுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்று, "முயல்" என்று சொல்லிச் சிரித்தது.

எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை. பாட்டை மனப்பாடம் செய்து, எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று எண்ணி வைத்திருந்தது. அதற்கு எவ்வளவு அறிவு வேண்டும்! அப்புறம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தோம். 16 பேரில் 9 பேர் அப்படித்தான்.

அந்த ஆசிரியையின் கண் கலங்கிவிட்டது. "நீங்க காட்டின மாதிரியேதானே சார் செஞ்சேன்" என்றார். உண்மைதான். நான் சொல்ல அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். அதையே அவர் வகுப்பில் செய்தார். திருப்பிச் சொல்லும் பிள்ளை யார், வாசிக்கும் பிள்ளை யார் என்று பிரித்துப் பார்க்கும் அடுத்த படி என் மாதிரி வகுப்பில் வரவே இல்லை, ஏனென்றால் அங்கே எல்லாரும் வாசிக்கத் தெரிந்தவர்கள். மூன்று மாதம் போய்விட்டது. ஏழு வயதில் மூன்று மாதம் என்பது சின்னக் காலம் இல்லை. அந்த முகாமில் என்னிடம் வந்த மற்ற ஆசிரியர்களின் வகுப்புகளில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் மனம் சங்கடப்படுகிறது.

சரி, என்ன செய்யலாம்? நான் இப்போது மூன்று வழிகள் வைத்திருக்கிறேன்.

பள்ளி நடக்கும் நாளாக இருந்தால், பக்கத்துப் பள்ளியிலிருந்து ஆறு குழந்தைகளை வரவழையுங்கள். தலைமையாசிரியரிடம் பொதுவாகக் கேட்டால் நன்றாகப் படிப்பவர்களைத்தான் அனுப்புவார். வருகைப் பதிவேட்டில் முதல் ஆறு பெயர் என்று கேளுங்கள். பாடம் நடுவில் சறுக்கும். சறுக்கட்டும். அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பார்க்கத்தான் நாற்பது பேரும் வந்திருக்கிறார்கள்.

விடுமுறை நாளாக இருந்தால் சீட்டு கொடுங்கள். "உனக்கு எழுத்துகள் தெரியும், குறிகள் தெரியாது. பாட்டி என்பதைப் 'பட்ட' என்று வாசிப்பாய்" என்று ஒரு சீட்டு. "ப, ட, ம் என்று தனித்தனியாகச் சொல்வாய், சேர்த்துச் சொல்ல வராது" என்று இன்னொன்று. "எழுத்தே தெரியாது, காதில் விழுந்ததை அப்படியே ஒப்பிப்பாய்" என்று மூன்றாவது. யாரிடம் எந்தச் சீட்டு என்று பாடம் எடுப்பவருக்குத் தெரியக் கூடாது. முதல் இரண்டு பேரை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். மூன்றாவது ஆள் கடைசிவரை அகப்பட மாட்டார், நடுவிலிருந்து ஒரு சொல்லைக் காட்டிக் கேட்கும்வரை.

மூன்றாவது வழி, புது எழுத்து. பகரத்துக்கு முக்கோணம், டகரத்துக்குக் கொக்கி, மகரத்துக்கு வட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிக்கும் குறிகளுக்கும் வேறு அடையாளங்கள். அட்டவணையைப் பத்து நிமிடம் காட்டிவிட்டு மறைத்துவிடுங்கள். படம், மடம், பட்டம் வரை உற்சாகமாக வாசிப்பார்கள். பிறகு 'மொட்டு' என்று எழுதுங்கள், ஒகரக் குறியை இரண்டு பக்கமும் பிரித்துப் போட்டு. இருபத்திரண்டு ஆண்டு பணி செய்த ஓர் ஆசிரியர் அந்தச் சொல்லில் விரலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அப்புறம் மெல்லத் திரும்பிப் பக்கத்தில் இருந்தவரின் வாயைப் பார்த்தார். அவர் உதடு என்ன சொல்கிறதோ அதையே சொல்லிவிடலாம் என்று. சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "என் வகுப்புல பின் பெஞ்சுல ஒரு பையன் இப்படித்தான் சார் செய்வான். கவனிக்க மாட்டேங்கிறான்னு திட்டியிருக்கேன்" என்றார். அன்று அதற்கு மேல் நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அரும்பு, மொட்டு, மலரைப் பட்டப் பெயர் ஆக்குவது

அரும்பு, மொட்டு, மலர் என்பவை இந்தத் திட்டத்தில் குழந்தையின் கற்றல் நிலைகளுக்கு வைத்த பெயர்கள், அரும்பு தொடக்க நிலை. "அவன் அரும்பு சார்" என்று பயிற்சிக் கூடத்திலேயே ஆசிரியர்கள் பேசத் தொடங்கிவிடுவார்கள். அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். குழந்தை இப்போது அரும்பு நிலையில் இருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த மதிப்பீட்டில் மாறலாம், மாற வேண்டும். வீட்டில் போய் அம்மாவிடம் "நான் அரும்பும்மா" என்று ஒரு பிள்ளை தலை குனிந்து சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

ஈராசிரியர் பள்ளியை மறப்பது

ஒருவர் ஒன்று முதல் மூன்று, இன்னொருவர் நான்கும் ஐந்தும். நம்மூரில் எத்தனையோ பள்ளிகள் இப்படித்தான் நடக்கின்றன. ஒருவர் கூட்டத்துக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். 2023 முதல் நான்கும் ஐந்தும்கூட இந்தத் திட்டத்துக்குள் வந்துவிட்டன. ஆக, ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று வைத்து நீங்கள் போட்டுக் காட்டும் கால அட்டவணை அவருக்கு எந்த விதத்திலும் உதவாது. நீங்கள் மொட்டு நிலைக் குழந்தைகளோடு வாசிக்கும் இருபது நிமிடம் மற்றவர்கள் கையில் என்ன இருக்கும் என்பதை மட்டும் தெளிவாகக் காட்டுங்கள், மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.

கதைப் புத்தகங்களைக் கடைசி அரை மணி நேரத்துக்குத் தள்ளுவது

அரசுப் பள்ளிகளுக்கான வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைக் கதைப் புத்தகங்களைக் காலையிலேயே ஆசிரியர்கள் கையில் கொடுங்கள். தான் படிக்காத புத்தகத்தை யாரும் பிள்ளைகளிடம் எடுத்துக் கொடுப்பதில்லை. அது பீரோவுக்குள்தான் போகும்.

முதல் நாளே மதிப்பீட்டைப் பதியும் செயலியைப் பற்றிப் பேசுவது

வேண்டாம்.

பயிற்சி முடிந்ததும் கையைக் கழுவிவிடுவது

மூன்று வாரத்துக்குள் பத்துப் பள்ளிக்காவது போங்கள். பதிவேட்டைக் கேட்காதீர்கள், பாடக்குறிப்பைக் கேட்காதீர்கள். ஆசிரியர் அருகில் இருக்கும்போதே ஒரு குழந்தையை உட்கார வைத்து, படித்துக்கொண்டிருக்கும் பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டுங்கள். குழந்தையின் விரல் எங்கே போகிறது என்று இருவரும் சேர்ந்து பாருங்கள்.