மீன் வண்டிக்கு இரும்பு பம்பர்: உள்ளே தேங்கும் உப்புத் தண்ணீர்தான் எதிரி

பாம்பனிலிருந்து மீன் ஏற்றும் பிக்கப் ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்தது. பின் பம்பர் செய்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, மேலே பெயிண்ட் பளபளவென்று இருந்தது. சுத்தியலால் தட்டினேன். ணங்கென்று கேட்க வேண்டிய சத்தம் சொத்தென்று கேட்டது. அடியில் ஓட்டை போட்டதும் டீ நிறத்தில் தண்ணீர் ஒழுகியது, மீன் வாடையோடு.

நம் கடற்கரையில் பலரும் செய்யும் தவறு இதுதான்: கனமாக இருக்கட்டும் என்று சதுரப் பைப்பை வாங்கி, இரண்டு முனையையும் அடைத்துவிடுவது. மூடிய பைப்புக்குள் தண்ணீர் எப்படிப் போகும்? போல்ட் ஓட்டை ஒன்று போதும். பகலில் பைப் சூடாகி உள்ளேயிருக்கும் காற்று வெளியேறும். ராத்திரி குளிரும்போது உப்பு ஈரத்தை உள்ளே இழுக்கும். ஐஸ் பெட்டியிலிருந்து வடிகிற தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். அதனால் ஒரு பக்கம் திறந்த 'ப' வடிவச் சானலோ வளைத்த தகடோ நல்லது, வாய் கீழே பார்த்து இருக்க வேண்டும். பைப்தான் வேண்டுமென்றால் இரண்டு முனையிலும் அடிப்பக்கம் 12 மி.மீ. துளை போடுங்கள்.

அடுத்த தவறு, வெல்டிங் ராடு மிச்சமாகும் என்று நடுநடுவே இடைவெளி விட்டு வெல்டிங் வைப்பது. இரண்டு தகடு சேரும் இடுக்கில் உப்புத் தண்ணீர் ஏறி உட்கார்ந்தால் பெயிண்ட் பிரஷ் அங்கே எட்டாது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் இணைப்புகளை முழுக்க வெல்டிங் செய்து, துருவைத் தடுக்கும் பாலிசிலாக்ஸேன் பெயிண்ட் பூசியிருக்கிறார்கள். 1914-இல் திறந்த பழைய பாலத்தைத் துரு என்ன பாடு படுத்தியது என்று பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். முழு வெல்டிங்கில் தகடு கோணும், உண்மைதான். முதலில் அங்கங்கே பொட்டுப் பொட்டாக வெல்டிங் வைத்துவிட்டு, இடம் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தால் சமாளிக்கலாம்.

'பத்து எம்எம் தகடு போடுங்க அண்ணே' என்று கேட்டு வருகிறார்கள். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு, ஒவ்வொரு மி.மீ. கனத்துக்கும் 7.85 கிலோ இருக்கும். 1.6 மீட்டர் நீளம், 30 செ.மீ. அகலத்துக்கு 4 மி.மீ. என்றால் 15 கிலோ, 10 மி.மீ. என்றால் கிட்டத்தட்ட 38 கிலோ. அந்த எடைக்கு மீன் ஏற்றலாமே! அதோடு, வளைந்துகொடுக்காத பம்பரில் ஏதாவது மோதினால் அந்த அடி நேரே வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்குப் போகும்.

சேசிஸில் பம்பரை வெல்டிங் செய்யவே செய்யாதீர்கள். கம்பெனி போட்ட ஓட்டைகளிலேயே போல்ட் கட்டுங்கள். வண்டியில் வைத்து எதை வெல்டிங் செய்தாலும் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

இதெல்லாம் பின்பக்கத்துக்குத்தான். முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு வைப்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை மீறுவது என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதினால் நடந்து போகிறவர் உயிருக்கு ஆபத்து. யார் கேட்டாலும் நான் செய்து தருவதில்லை. பின்னாலும் பழைய அளவைத் தாண்டி நீட்டாதீர்கள். விளக்கு, நம்பர் பிளேட், ரிஃப்ளெக்டர் எதையும் மறைக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பெயிண்டுக்கு அவசரப்படுவதும் தப்பு. தகட்டில் படிந்த உப்பைக் கழுவாமல் பிரைமர் அடித்தால் கொஞ்ச நாளில் கொப்புளம் கிளம்பும். நம்மூரில் பல இடங்களில் போர் தண்ணீரே கரிக்கும், அதில் கழுவிப் பிரயோஜனமில்லை. ஒரு குடம் காவிரித் தண்ணீர் எடுத்துக் கழுவி, நன்றாகக் காய்ந்ததும் கிரைண்டிங் போட்டு, அன்றைக்கே துத்தநாகப் பிரைமர் அடித்துவிடுங்கள். ராத்திரி வெளியே கிடந்தால் காலையில் செம்மண் பூசியது போல் நிற்கும். கூரான ஓரங்களில் பெயிண்ட் நிற்காது. முதலில் அரத்தால் மழுக்கிவிடுங்கள்.

அப்புறம், அடியில் போட்ட துளைகளை வாரம் ஒருமுறை கம்பியால் குத்திப் பாருங்கள். மீன் செதில் அடைத்திருக்கும்.