ரோஜா இலையை இரவில் தின்னும் வண்டு: பிடிக்கும் முறை

கோடை மழை பெய்த மறுநாள் காலையில் ரோஜா, செம்பருத்தி இலைகளெல்லாம் சல்லடையாகிக் கிடக்கும். எவ்வளவு தேடினாலும் ஒரு பூச்சி கண்ணில் படாது. நாகர்கோவில் பக்கம் எங்கள் வீட்டு முற்றத்தில் இரண்டு ஆண்டுகள் இப்படித்தான் போயின. பகலில் மருந்தடித்து ஒரு பயனும் இல்லை. தின்கிற வண்டு அந்த நேரத்தில் மண்ணுக்குள் இருக்கும்.

1. இரவில் பாருங்கள். மழை பெய்த அன்று இரவு ஏழரை மணிக்கு மேல் செடியருகே போங்கள். ரப்பர் பால்வெட்டும் தொழிலாளர்கள் நெற்றியில் கட்டுகிற லைட்தான் இதற்கு ஏற்றது. டார்ச் வேண்டாம், இரண்டு கைகளுக்கும் வேலை இருக்கிறது. பழுப்பு நிற வண்டுகள் இலையைப் பற்றிக்கொண்டு தின்பதைக் காணலாம்.

2. உலுக்கிப் பிடியுங்கள். செடியின் கீழே பழைய வேட்டியை விரித்துக் கிளையை உலுக்குங்கள். விழுவதை அள்ளிச் சோப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள்.

நான் தடுமாறியது இங்கேதான். ஒரு வாரம் பிடித்தும் வண்டு குறையவில்லை. முற்றத்து வேப்பமரத்தை நான் ஏறிட்டே பார்க்கவில்லை. வேம்பைப் பூச்சி தொடாது என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன். ஒரு நாள் துறட்டியால் ஒரு கொப்பை உலுக்கியபோது வேட்டி நிறைய வண்டு விழுந்தது. இவ்வகை வண்டுகளுக்கு வேப்பிலை விருப்ப உணவு. மண்ணைவிட்டு வந்ததும் மரத்தில்தான் கூடுகின்றன, அங்கேயே இணைசேர்கின்றன. ஆகவே முதலில் வேம்பையும் முருங்கையையும் உலுக்குங்கள், ரோஜா அப்புறம். வேப்பெண்ணெய் தெளித்தால் போதும் என்று யாராவது சொன்னால், இந்த வண்டைப் பொறுத்தவரை நான் ஏற்கமாட்டேன்.

முதல் மழைக்குப் பிந்தைய சில நாட்களைத் தவறவிடாதீர்கள். பெண் வண்டு மண்ணில் முட்டையிடும் முன் பிடித்தால்தான் அடுத்த ஆண்டு குறையும். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

3. விளக்குப் பொறி. அகன்ற பாத்திரத்தில் சோப்புத் தண்ணீர், அதன் மேல் ஒரு பல்பு. செடிகளிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். பக்கத்தில் வைத்தால் வெளிச்சத்துக்கு வருகிற வண்டு உங்கள் செடியிலேயே இறங்கும். ஏழு மணி முதல் ஒன்பது வரை போதும். விடிய விடிய எரிந்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் சாகும்.

4. மண்ணைக் கவனியுங்கள். இதன் புழு வெண்மையாக, வளைந்து, வேரைத் தின்றுகொண்டிருக்கும். மக்காத சாணத்தைச் செடி மூட்டில் போடுவது புழுவுக்கு விருந்து வைப்பது போல. நன்றாக மக்கிய தொழுவுரத்தை மட்டும் இடுங்கள். மண்ணைக் கொத்திவிட்டுக் கோழியை மேயவிட்டால் புழுவைப் பொறுக்கித் தின்றுவிடும்.

பின்சேர்க்கை: குலசேகரத்திலிருந்து ஒருவர், செம்பருத்தி இலையின் ஓரம் மட்டும் அரிக்கப்பட்டிருப்பதாகவும் பகலிலேயே சாம்பல் நிறத்தில் சிறு வண்டுகள் இருப்பதாகவும் எழுதினார். அது வேறு இனம், சாம்பல் மூக்கு வண்டு. கை பட்டதும் செத்ததுபோல் கீழே விழுந்து மண்ணோடு மண்ணாகிவிடும். குடையை விரித்துத் தலைகீழாகச் செடியடியில் பிடித்துக்கொண்டு தட்டுங்கள். இதன் புழுவும் வேர் தின்னிதான்.

மாடியில் பைகளில் வளர்ப்பவர் ஒருவர், விளக்குப் பொறி வைத்தும் செடி வாடுவதாகச் சொன்னார். பையின் மண்ணைத் தாளில் கொட்டிப் பார்க்கச் சொன்னேன். உள்ளே புழுக்கள் இருந்தன. புழுவைப் பொறுக்கியபின், மிஞ்சிய புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் என்ற பூஞ்சாணப் பொடியை மக்கிய உரத்தில் கலந்து இடலாம். அது உயிருள்ள பொருள்: பொட்டலத்தில் காலாவதித் தேதியைப் பாருங்கள், வெயில் தாழ்ந்தபின் ஈர மண்ணில் இடுங்கள், பூஞ்சைக்கொல்லி மருந்தோடு சேர்க்காதீர்கள்.