பலத்த மழைக்கு 'ஸ்ட்ராங்' ஏன் ஒத்துவராது?

பலத்த மழை, பலத்த காற்று, பலத்த காயம், பலத்த சத்தம், பலத்த பாதுகாப்பு. தமிழில் ஐந்துக்கும் ஒரே சொல் போதும். அந்தப் பழக்கத்தில் 'பலத்த' வரும் இடமெல்லாம் 'ஸ்ட்ராங்' போடுவதுதான் நாம் அதிகம் செய்யும் தவறு. இந்த ஐந்தில் அது பொருந்துவது காற்றுக்கு மட்டும்: 'ஸ்ட்ராங் விண்ட்'. மழைக்கு 'ஹெவி', காயத்துக்கு 'சீரியஸ்', சத்தத்துக்கு 'லவுட்', பாதுகாப்புக்கு 'டைட்'. 'ஸ்ட்ராங் ரெய்ன்' என்றால் இலக்கணம் உதைக்காது, காதுதான் உதைக்கும்.

இதற்கு விதி தேடிப் பயனில்லை. எந்தச் சொல்லோடு எது சேரும் என்பது வழக்கில் படிந்துபோனது. மொழியியலாளர் ஹாலிடே 1966இல் காட்டிய உதாரணம் இன்றும் வகுப்பறைகளில் ஓடுகிறது: டீ என்றால் 'ஸ்ட்ராங்', கார் என்றால் 'பவர்ஃபுல்'. மாற்றிப் போட்டால் இரண்டும் கெடும். வாதத்துக்கு மட்டும் இரண்டுமே பொருந்தும். ஆகவே 'ஸ்ட்ராங்' என்பதைத் தனியாக மனப்பாடம் செய்யாமல், பக்கத்துச் சொல்லோடு ஜோடியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வாசனை, உச்சரிப்புச் சாயல், வாய்ப்பு, எதிர்ப்பு, பாஸ்வேர்டு எல்லாம் 'ஸ்ட்ராங்' ஏற்கும்.

சங்கடமான இடம் ஒன்று உண்டு. மொழித்திறன் நன்றாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து 'ஐ யூஸ் ஸ்ட்ராங் லாங்வேஜ்' என்று எழுதினால், 'நான் கெட்ட வார்த்தை பேசுவேன்' என்றுதான் பொருள் போகும். திறனைச் சொல்ல 'ஸ்ட்ராங் லாங்வேஜ் ஸ்கில்ஸ்' வேண்டும். அந்தக் கடைசிச் சொல்தான் மானத்தைக் காப்பாற்றும்.

எண்ணுக்குப் பின்னால் வந்தால் இந்தச் சொல்லுக்கு வலிமையோடு சம்பந்தமே இல்லை. 'எ ஃபிஃப்டி-ஸ்ட்ராங் டீம்' என்பது 50 பேர் கொண்ட குழு. 50 பயில்வான்கள் அல்ல.

'ஸ்ட்ராங்லி' என்பதை ஓங்கி அடித்ததற்குப் போடக்கூடாது. அதற்கு 'ஹிட் ஹார்ட்'. மழை கொட்டியதற்கு 'ரெய்ண்ட் ஹெவிலி'. கருத்து, பரிந்துரை, மறுப்பு போன்றவற்றுக்குத்தான் 'ஸ்ட்ராங்லி' சரியாக அமையும்: 'ஸ்ட்ராங்லி ரெக்கமெண்ட்', 'ஸ்ட்ராங்லி டிஸக்ரீ'. ஒப்பிடும்போது 'மோர் ஸ்ட்ராங்கர்' என்று இரட்டிப்பது வேண்டாத வேலை. 'ஸ்ட்ராங்கர்' என்றாலே 'அதைவிட' என்பது உள்ளே வந்துவிடும்.

உச்சரிப்பில் பலர் கவனிக்காத நுணுக்கம் இது. 'ஸ்ட்ராங்' மூக்கொலியோடு நின்றுவிட வேண்டும். கடைசியில் 'கு' சேர்த்து 'ஸ்ட்ராங்கு' ஆக்கக்கூடாது. 'ஸ்ட்ராங்கர்', 'ஸ்ட்ராங்கஸ்ட்' இரண்டிலும் நிலைமை தலைகீழ்: 'அங்கே' என்பதில் வருவதுபோல் அந்த 'க' தெளிவாக ஒலிக்க வேண்டும். பாடகரைக் குறிக்கும் 'சிங்கர்' என்ற சொல்லில் அது கிடையாது என்பதால், அந்தப் பழக்கத்தில் இங்கும் விழுங்கிவிடாதீர்கள்.

பெயர்ச்சொல்லான 'ஸ்ட்ரெங்த்' எழுத்துப்பிழைக்குப் பேர்போனது. மொத்தம் 8 எழுத்து. உயிரெழுத்து 'ஈ' ஒன்றே. கடைசி மூன்றும் ஜி, டி, ஹெச் என்ற வரிசையில் வர வேண்டும். 'நைட்', 'லைட்' எழுதிப் பழகிய கை ஜி, ஹெச், டி என்று போட்டுவிடும்.